காகிதம் முந்தி, டிக்கெட் பிந்தி

போன மாதம் இந்தப் பகுதியில், பிள்ளையைத் தத்தெடுக்க ஊருக்குப் போய் மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட எங்கள் கதையை நாலு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. சிராங்கூன் சாலையில் விமான டிக்கெட் போடும் கடையில் காலம் தள்ளியவள், தத்துப் பிள்ளையைச் சொந்தப் பெண்ணாக வளர்த்தவள், இரண்டும் நானே என்பதால் எல்லாக் கேள்வியும் என் தலையில் வந்து விழுகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சமையல் கேள்வி அனுப்பியவர்கள் மன்னிக்கவும். உங்கள் வத்தக்குழம்பு அடுத்த மாதம்.

கேள்வி: அக்கா, நானும் என் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். இங்கே தகுதி மதிப்பீடு முடிந்து, இந்தியாவில் தத்தெடுப்பைக் கவனிக்கும் ‘காரா’ என்ற அரசு அமைப்பு வழியாகத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் இருக்கும் பெண் குழந்தை எங்களுக்கு என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் அவளுக்கு 22 மாதம் நிறைகிறது. தத்து ஆணை வந்துவிட்டது, பாஸ்போர்ட் வேலை நடக்கிறது என்கிறார்கள். கணவருக்கு இரண்டு வாரம்தான் விடுப்பு. மலிவாகக் கிடைத்ததால் போக வர டிக்கெட் போட்டுவிட்டோம். பயணத்தில் என்னென்ன சொதப்பும், எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?
— பொங்கோல் வாசகி

பதில்: மகாலட்சுமி வரப்போகிறாள், வாழ்த்துகள். வாழ்த்தை முடித்துக்கொண்டு நேராகச் சண்டைக்கு வருகிறேன். போகிற டிக்கெட்டைப் போட்டீர்கள், சரி. வருகிற டிக்கெட்டை எந்தத் தைரியத்தில் போட்டீர்கள்?

கல்யாணத்துக்குப் போனால் திரும்பும் தேதி நம் கையில். இந்தப் பயணத்தில் அது உங்கள் கையிலும் இல்லை, கணவருடைய மேலாளர் கையிலும் இல்லை. குழந்தையின் பாஸ்போர்ட் அச்சாகி வர வேண்டும். அது இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் சிங்கப்பூருக்குள் நுழைய இங்கிருந்து அனுமதி எழுத்தில் வர வேண்டும். இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் தேதி என்று ஒன்று உண்டு. நுழைவு அனுமதி இல்லாத பிள்ளைக்கு விமான நிறுவனம் சென்னையிலேயே போர்டிங் பாஸ் தராது; சாங்கிக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்ற கதையே கிடையாது. என் கடைக்கு இந்தக் காரியமாக வந்தவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்தது ஒருவழி டிக்கெட், இல்லாவிட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்துத் தேதி மாற்றிக்கொள்ளும் ரகம். நூறு வெள்ளி அதிகம் என்று முகம் சுளித்துவிட்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. அதே ஆட்கள் பிறகு மதுரையிலிருந்து போன் போட்டு, ‘அக்கா, எந்த விமானமானாலும் பரவாயில்லை, சீட் பாருங்கள்’ என்பார்கள். உங்கள் மலிவு டிக்கெட்டில் தேதி மாற்ற என்ன கட்டணம் என்று இன்றைக்கே கேளுங்கள். மாற்றவே முடியாது என்றால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். அதைக் காப்பாற்றுவதற்காக அங்கே போய் அதிகாரிகளை அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்து ஆணை. முன்பு நீதிமன்றம் கொடுத்துக்கொண்டிருந்த தத்து ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். உங்களுக்கு வந்தாகிவிட்டது, நல்லது. அதன் நகலை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். இல்லத்தில் வைத்த பெயர் ஒன்று, நீங்கள் வைக்கிற பெயர் ஒன்று. இரண்டும் ஆணையில் எப்படி நிற்கிறது? அப்பா பெயர் வெறும் முன்னெழுத்தா, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முழுசாக வருகிறதா? நம் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு கணக்கு. யாழினி என்று ஆசையாகப் பெயர் வைத்த ஒரு தம்பதிக்கு, ஆணையில் ழகரத்துக்கு ‘இசட் எச்’, பிறப்புச் சான்றிதழில் ‘எல்’. பாஸ்போர்ட் சேவா மையத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘இது இரண்டு குழந்தை மாதிரி இருக்கே’ என்றாராம். திருத்தம் வாங்கி வருவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. பொங்கல், மாட்டுப் பொங்கலான திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று வரிசையாக அரசு விடுமுறை. அதோடு சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டால் அந்த வாரத்தில் ஒரு கையெழுத்தும் நகராது. ஆணை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், இங்கே கொடுக்கும் விண்ணப்பம், கடைசியாக டிக்கெட், ஐந்திலும் ஒரே எழுத்து. ஆகவே குழந்தையின் டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள்.

பாஸ்போர்ட் படம் சின்ன விஷயம், ஆனால் அரை நாளைத் தின்றுவிடும். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நீங்களே படம் கொண்டுபோக வேண்டும்: நாலரை சென்டிமீட்டர் உயரம், மூன்றரை அகலம், பின்னால் வெள்ளை. இரண்டு வயதுப் பிள்ளை ஸ்டூலில் நேராக உட்காராது, யார் கையும் படத்தில் தெரியவும் கூடாது. ஸ்டூடியோவில் பாயைப் போட்டு, மேலே வெள்ளை வேட்டியை விரித்து, பிள்ளையைப் படுக்க வைத்து மேலிருந்து எடுத்தால் சுலபம். படுத்ததும் தூங்கிவிடுகிற பிள்ளைக்குச் சாவிக்கொத்தை ஆட்டுங்கள்.

இன்னொன்று உங்கள் கடிதத்திலேயே ஒளிந்திருக்கிறது. அடுத்த மாதம் 22 மாதம் என்றால் இரண்டு வயது தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது. மடியில் உட்காரும் டிக்கெட், பறக்கிற தேதியன்று இரண்டு வயது நிறையாத பிள்ளைக்குத்தான். வேலை இழுத்துக்கொண்டு போய் பிறந்தநாள் தாண்டிவிட்டால் தனி சீட், சிறுவர் கட்டணம். இல்லத்துக் குழந்தைகளில் பலருக்குப் பிறந்த தேதியே மருத்துவர் பார்த்துக் கணித்துப் போட்டதாக இருக்கும். ‘பார்த்தால் ஒன்றரை வயது மாதிரிதானே இருக்கிறாள்’ என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. பாஸ்போர்ட்டில் என்ன தேதியோ அதுதான் கணக்கு.

தடுப்பூசி அட்டையை இல்லத்திலிருந்து மூலமாகவே கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் பிறந்து, இங்கே நீண்டகாலம் தங்க அனுமதி கேட்கும் 12 வயது வரையிலான பிள்ளைகள், தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் ஊசி போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது 2019 பிப்ரவரியிலிருந்து இங்கே விதி. அட்டையில் தேதி, முத்திரை, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று இல்லத்து வாசலைத் தாண்டுவதற்கு முன் பாருங்கள். சிங்கப்பூர் வந்த பிறகு முத்திரைக்காக யாரை அனுப்புவீர்கள்?

கணவரின் விடுப்புக்கு வருகிறேன். இரண்டு வாரத்தை இரண்டாக வெட்டுங்கள். முதல் வாரம் இருவருமாகப் போய்ப் பிள்ளையோடு பழகுங்கள். பிறகு அவர் வேலைக்குத் திரும்பட்டும், காகிதமெல்லாம் சேர்ந்ததும் மறுபடி வந்து அழைத்து வரட்டும். ஒரு டிக்கெட் செலவு கூடும். ஆனால் 22 மாதப் பிள்ளைக்கு நீங்கள் இன்னும் யாரோ. யாரோ இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, நாலு நாள் சோறு ஊட்டிய கை தூக்குவது அதற்கு நல்லது.

கேள்வி: போன மாதம் பாதியில் விட்ட கதையை முழுசாகச் சொல்லுங்கள் அம்மா. விமானம் போய்விட்டது, சரி, பிறகு என்ன ஆயிற்று?
— தோ பாயோ வாசகர்

பதில்: இதற்கு நாற்பது கடிதம் வந்தது போல் ஆசிரியர் சிரிக்கிறார். சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். அப்போது வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு அங்கே நேரடியாகத் தத்து கிடையாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் நம்மைப் பாதுகாவலராக நியமிக்கும். தத்து ஆணை இங்கே வந்து வாங்க வேண்டும். மதுரை இல்லத்திலிருந்து பெண்ணை வாங்கிக்கொண்டு, இரவு ரயிலில் எழும்பூர் வந்து, மாலையில் மீனம்பாக்கம் போனோம். குழந்தை டிக்கெட்டை விமான நிறுவனத்தின் அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் கணவர் பெயரும் ‘பேபி’ என்ற சொல்லும். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். ‘கைக்குழந்தைக்கு இது போதும் மேடம்’ என்றார்கள். விமான நிலையத்துக் கவுன்டரில் இருந்த தம்பிக்கு அது போதவில்லை. யாரென்று தெரியாத ஒரு பேபி டிக்கெட்டில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் வேறு பெண், கூடவே ஒரு நீதிமன்றத் தாள். அவர் பார்வையில் நாங்கள் பிள்ளை திருடர்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன். டிக்கெட்டைத் திருத்த வேண்டிய அலுவலகம் சாயங்காலமே பூட்டியாகிவிட்டது. எங்கள் கண் முன்னே கவுன்டரை மூடினார்கள்.

திரிசூலம் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜ். கணவர் எஸ்டிடி பூத்தைத் தேடிப் போனார். மறுநாள் அவர் கப்பல் பட்டறையில் வேலைக்கு நிற்க வேண்டும். பிள்ளைக்குப் பசி. பால் மாவு இருக்கிறது, வெந்நீர் இல்லை. கீழே டீக்கடையில் போய் நின்றேன். மாஸ்டர் பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கி, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசினார். நான் மாவைப் போட்டதும், ‘குலுக்காதீங்கம்மா, கட்டி தட்டும்’ என்று தடுத்து, டீ டம்ளரில் ஊற்றி நீளமாக இரண்டு ஆற்று ஆற்றி, நுரையோடு பாட்டிலில் திருப்பி ஊற்றினார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, ‘சக்கரை?’ என்றார். வேண்டாம் என்றேன். நம்பவே இல்லை, என்னைப் பார்த்த பார்வையில் கஞ்சத்தனம் என்று எழுதியிருந்தது. மதுரையில் கரண்டியால் பாலைக் கொடுத்தாலும் துப்பிக்கொண்டிருந்த பெண், அந்தப் பாலை ஒரே மூச்சில் குடித்தாள். அதற்கப்புறம் சிங்கப்பூரில் எத்தனை மாதம் நான் சமையலறையில் நின்று டம்ளரில் டம்ளராகப் பால் ஆற்றியிருக்கிறேன் தெரியுமா? ஆற்றாத பால் அவளுக்கு ஆகாது.

காலையில் அலுவலகம் திறந்ததும் டிக்கெட்டில் பெயர் மாறியது. இரவு விமானத்தில் வந்து சேர்ந்தோம். பட்டறையில் ஒரு நாள் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: நாங்கள் அழைத்து வரப்போகும் பையனுக்கு ஒரு வயது. விமானத்தில் விடாமல் அழுதால் என்ன செய்வது என்ற பயத்திலேயே எனக்குத் தூக்கம் வருவதில்லை. மற்ற பயணிகள் என்ன நினைப்பார்கள்?
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: மற்ற பயணிகள் சென்னையிலிருந்து நாலு மணி நேரம் பொறுத்துக்கொள்வார்கள், பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களை விடுங்கள்.

அழுவான். அழ வேண்டிய பிள்ளைதான். இல்லத்தில் அவனைக் குளிப்பாட்டிய ஆயா, பக்கத்துத் தொட்டிலில் கிடந்த சிநேகிதன், மின்விசிறிச் சத்தம், பினாயில் வாசனை, இது எல்லாம் ஒரே நாளில் காணாமல் போய்விட்டது. எனவே தயாரிப்பு விமான நிலையத்தில் தொடங்கக் கூடாது, இல்லத்தில் தொடங்க வேண்டும். இல்லத் தலைவியிடம் பேசுவதில் பாதி நேரத்தை ஆயாவிடம் பேசுங்கள். அவன் எப்படித் தூங்குகிறான், தொட்டிலிலா, பாயிலா, தோளிலா? முதுகில் தட்ட வேண்டுமா, காலை ஆட்ட வேண்டுமா? அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? கோப்பில் பெயர் கம்பீரமாக இருக்கும். ஆயாவுக்கு அவன் ‘குண்டா’வாக இருப்பான். அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பான். அவன் போட்டிருந்த பழைய சட்டை ஒன்றையும் போர்த்திய துணியையும் கேட்டு வாங்குங்கள், துவைக்காமல் கொண்டு வாருங்கள். புது உடுப்பு அடுக்கி வைத்திருப்பீர்கள், தெரியும். அது தேக்காவில் படம் எடுக்கும்போது போடலாம்.

பால் மாவு, கஞ்சி எதையும் பயணத்துக்கு முன் மாற்றாதீர்கள். இங்கிருந்து உயர்ந்த ரகப் பால் மாவை மூட்டை கட்டிப் போய் அன்றைக்கே கொடுத்து, வயிறு கெட்டு, விமானத்தில் டயப்பர் போதாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். இல்லத்தில் கொடுத்ததையே கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிறகு மாற்றலாம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி, கூட வரும் குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பயணத்துக்கு வேண்டிய அளவுக்குத் தளர்வானது. சோதனை செய்பவரிடம் தனியாக எடுத்துக் காட்டுங்கள். ஃபிளாஸ்க் வெந்நீரை நம்பாதீர்கள், ஏறியதும் பணிப்பெண்ணிடம் கேட்டால் தருவார்.

காது வலிதான் பெரிய வில்லன். விமானம் இறங்கத் தொடங்கும்போது, அதாவது தரை தட்டுவதற்கு ஏறக்குறைய அரை மணி முன்னால், காற்றழுத்தம் மாறும். விழுங்கினால் காது திறக்கும். ஆகவே ஏறியதும் பாட்டிலைக் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். இறங்கும்போது கொடுக்கப் பாதியை வையுங்கள். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் பறக்க வேண்டாம். சுவர் ஓரத்தில் மாட்டும் தொட்டில் கேட்டு வாங்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கு எடை வரம்பு உண்டு, விமானத்துக்கு விமானம் மாறும், எல்லா விமானத்திலும் கிடையாது. ஒரு வயதுப் பையன் கொஞ்சம் புஷ்டியாக இருந்தாலே அதில் அடங்க மாட்டான். மடிதான் தொட்டில்.

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில், மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு போய் சென்னையிலிருந்து குழந்தையைக் கூட்டி வரலாம் என்று திட்டம். பயணக் காப்புறுதி எடுத்தால் போதும்தானே?
— அங் மோ கியோ வாசகர்

பதில்: உங்கள் விடுமுறை டிசம்பரில் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு மூடிய சென்னை விமான நிலையம், பயணிகளுக்காக மறுபடி திறக்க 6ஆம் தேதி ஆனது. இடையில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிச்சாங் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று, மறுநாள் காலை வரை மூடிக் கிடந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் இட்லி சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கலாம். புதுப் பிள்ளையோடு, மின்சாரம் இல்லாத ஓட்டலில் பால் காய்ச்ச முடியாமல் நிற்பது வேறு. மழையில் ஆட்சியர் அலுவலகமே நிவாரண வேலைக்குப் போய்விடும், உங்கள் கோப்பு காத்திருக்கும். கூடுமானால் ஜனவரிக் கடைசி, பிப்ரவரி, மார்ச் பாருங்கள். மகனுக்கு மார்ச் விடுமுறை ஒரு வாரம் இருக்கிறது.

காப்புறுதி எடுங்கள், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, திரும்பி வரும்போது மட்டும் சேரும் குழந்தைக்குப் பாதுகாப்பு எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தாளைக் காட்டினால்? குடும்பத் திட்டத்தில் ‘பிள்ளை’ என்றால் யார் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கும். இரண்டு, அரசாங்கத் தாள் தாமதமானதால் பயணம் தள்ளிப்போனால் பணம் உண்டா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடிப்போய்க் காப்புறுதி எடுத்தாலும் பலன் இருக்காது.

எல்லாவற்றையும் காகிதத்திலும் எடுத்து வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கக் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றபோது சாங்கியிலேயே சில விமான நிறுவனங்கள் கையால்தான் பயணிகளைப் பதிவு செய்தன. இந்தியாவில் போர்டிங் பாஸையே பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கைத்தொலைபேசியில் இருக்கிறது என்று சொல்லி அன்றைக்கு யாரும் தப்பவில்லை.

கேள்வி: இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஓர் ஏஜென்ட் இருக்கிறாராம். காலையில் ஃபெரியில் போய்ச் சாயங்காலம் பிள்ளையோடு திரும்பிவிடலாம், எல்லாத் தாளும் அவரே பார்த்துக்கொள்வார் என்று என் தோழி சொல்கிறாள். இந்தியா என்றால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறதே?
— ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: போகாதீர்கள்.

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால், 2025 ஜூலையில் மேற்கு ஜாவா போலீசார் பிடித்த கும்பலைப் பற்றிய செய்திகளைத் தேடிப் படியுங்கள். பச்சைக் குழந்தைகளைச் சிங்கப்பூருக்கு விற்றதாகக் குற்றச்சாட்டு. எல்லாத் தாளும் அவரே பார்த்துக்கொள்வார் என்றால், பெற்றவள் யார், சம்மதித்தாளா என்பதையும் அவரே எழுதிக்கொள்வார் என்று அர்த்தம். நாளைக்கு அந்தத் தாள் பொய் என்று தெரிந்தால் ஏஜென்ட் தொலைபேசியை அணைத்துவிடுவார். நீதிமன்றத்தில் நிற்பது நீங்களும் உங்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளையும். பெற்றவள் ஒருத்தி எங்கேயோ அழுதுகொண்டிருக்கலாம். இந்தோனேசியாவிலிருந்து முறையாகத் தத்தெடுக்க வழி இருக்கிறதா என்று சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிடம் கேளுங்கள், தோழியிடம் கேட்காதீர்கள். 2024 அக்டோபர் 15 முதல் இங்கே சிங்கப்பூரில் நடப்பில் உள்ள புதிய தத்தெடுப்புச் சட்டத்தில் பணம் கைமாறும் விஷயத்தில் பிடி இறுகியிருக்கிறது.

கேள்வி: மருத்துவமனை வேலை காரணமாக மனைவியால் சென்னையில் அதிக நாள் தங்க முடியாது. ஆணை வந்து, எல்லாம் முடிந்த பிறகு நான் ஒருவனே மகளை அழைத்து வரலாமா? ஆண் தனியாகப் பெண் குழந்தையோடு வந்தால் தொந்தரவு கொடுப்பார்களா?
— ஈசூன் வாசகர்

பதில்: அழைத்து வரலாம் தம்பி. கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். நாலு பேர் கேட்கிற ஊரில்தான் பிள்ளைகள் பத்திரமாக இருக்கும்.

ஒரே கோப்பு, கைப்பையில், சூட்கேசில் அல்ல. காராவின் ஆட்சேபணை இல்லாச் சான்று, ஆட்சியரின் ஆணை, பிறப்புச் சான்றிதழ், இங்கிருந்து வந்த நுழைவு அனுமதிக் கடிதம், உங்கள் திருமணச் சான்றிதழ், மனைவியின் பாஸ்போர்ட் நகல், அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்த கடிதம். கடிதத்தை இங்கே நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் அப்போஸ்டில் சான்றோடு (தாள் வெளிநாட்டில் செல்லுவதற்கான உறுதிச் சான்று) கொண்டுபோனால் இந்தியாவில் எந்த மேசையிலும் செல்லும். 2021 செப்டம்பருக்கு முன் இதற்கே அமைச்சுக்கும் தூதரகத்துக்குமாக அலைய வேண்டியிருந்தது. சென்னைக் குடிநுழைவில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே வழக்கத்தைவிடச் சீக்கிரம் போங்கள். மனைவியை அந்த நேரத்தில் போனை எடுக்கிற இடத்தில் இருக்கச் சொல்லுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவரை மேலதிகாரி மேசைக்கு அழைத்துப் போய், அங்கிருந்தே மனைவியிடம் பேசித்தான் விட்டார்கள்.

சாங்கியில் இறங்கியதும் தானியக்கப் பாதைப் பக்கம் போகாதீர்கள், ஆள் இருக்கும் கவுன்டருக்குப் போங்கள். வருகை அட்டையை வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், பிள்ளைக்குத் தனியாக ஒன்று. அது இலவசம்; பணம் கேட்கிற இணையத்தளம் எதுவும் அரசாங்கத்தினுடையது அல்ல. இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன்: நீங்கள் குடிமகன் என்பதால் மகள் தானாகக் குடிமகளாகிவிட மாட்டாள். அதற்குப் பிறகு தனி விண்ணப்பம், அதுவரை அவள் அனுமதி அட்டையின் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மகளுக்கு டயப்பர் மாற்ற, பெண்கள் கழிப்பறைக்கு வெளியே தயங்கி நிற்காதீர்கள். சாங்கியில் குழந்தை பராமரிப்பு அறை தனியாக இருக்கிறது. சென்னையில் முன்கூட்டியே ஊழியரிடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: இந்தக் குழப்பங்களையெல்லாம் பிள்ளை வளர்ந்த பிறகு சொல்லலாமா? மனசு கஷ்டப்படாதா?
— புக்கிட் பாஞ்சாங் வாசகி

பதில்: தத்துப் பிள்ளை என்பதையே மறைக்கலாமா என்று கேட்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம். மறைக்க வேண்டாம். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கற்றுத்தரும் விளக்கக் கூட்டத்துக்குப் போவதைப் புதிய சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. அது வெறும் சடங்கு என்று நினைத்துத் தூங்கிவிடாதீர்கள்.

பயணக் கதை ஒரு நல்ல தொடக்கம். ‘நீ எங்கே பிறந்தாய்’ என்ற கேள்விக்கு நம்மிடம் பல சமயம் பதில் இருக்காது. ‘நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு எப்படி வந்தோம்’ என்பதற்கு நிமிஷத்துக்கு நிமிஷம் பதில் இருக்கிறது. ரயில் டிக்கெட், போர்டிங் பாஸ், லாட்ஜ் ரசீது எதையும் எறியாதீர்கள். என் பெண் டீ மாஸ்டர் கதையைத் தன் பள்ளித் தோழிகளுக்கெல்லாம் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அவர் மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறாள். அவருக்கு மீசை இருந்ததா என்று எனக்கே இப்போது சந்தேகம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா’ என்ற ராகத்தில் கதையைச் சொல்லக் கூடாது. விமானத்தைத் தவறவிட்டது அந்தப் பிள்ளை அல்ல.

கேள்வி: குழந்தைக்கு அங்கேயே தங்கச் சங்கிலியும் வளையலும் போட்டு அழைத்து வர வேண்டும் என்கிறார் என் அத்தை.
— செங்காங் வாசகி

பதில்: கையிலும் கழுத்திலும் எதுவும் வேண்டாம். சங்கிலி வாயில் போகும், வளையல் சோதனைக் கருவியில் கத்தும், சுங்கத்தில் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். கறுப்புக் கயிறு போதும். அத்தைக்குச் சிராங்கூன் சாலையில் நகைக்கடைகள் எத்தனை என்று தெரியும், வந்த பிறகு வாங்கிப் போடட்டும்.

கேள்வி: மாமியாரையும் உடன் அழைத்துப் போகலாமா? வராவிட்டால் கோபித்துக்கொள்வார். வந்தாலும் பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், பீஷான்

பதில்: அவருக்கு முழங்கால் எப்படி? வரிசையில் நிற்க முடியுமா? வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக அழைத்துப் போங்கள். நீங்களும் கணவரும் பாஸ்போர்ட் மையத்தில் உட்கார்ந்திருக்கும்போது பைகளைப் பார்த்துக்கொள்ள, சோறு வாங்கி வர, ஓட்டல்காரரிடம் வெந்நீருக்குச் சண்டை போட ஓர் ஆள் வேண்டும். அந்தக் கடைசி வேலைக்கு உங்கள் மாமியாரைவிடத் தகுதியானவர் கிடைக்க மாட்டார் என்று உங்கள் கடிதத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து தெரிகிறது.

ஆனால் முதல் சில வாரங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் தூங்க வைப்பதும் நீங்கள் இருவர் மட்டும்தான் என்பதைப் புறப்படுவதற்கு முன், உங்கள் கணவர் வாயால், அவரிடம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.